மயில்கழுத்து

காற்று திரும்பினால் செம்பனை மில்லின் புகை வரும்.
மற்ற நேரமெல்லாம் பழந்துணி வாடை:
பீரோ, வியர்வை, யாரோ பூசிய அத்தர்.

லாபிஸ் பட்டணம் முடியும் இடத்தில்
உரக்கிடங்காய் இருந்த தகரக் கொட்டகை.
ஏழரைக்கு லோரி பின்பக்கமாய் நுழையும்.
நாற்பது கிலோ மூட்டை;
கம்பியை வெட்டினால் பெருமூச்சு விட்டு விரியும்.

நான் நிறம் பிரிக்கிறவள்.
இங்கே சாயம் போடுவதில்லை.
சிவப்பை அரைத்தால்தான் சிவப்பு நூல்.
பதினோரு கூண்டுக்குப் பதினோரு எண்,
மிஸ்டர் இயாவ் அட்டையே ஒட்டியிருக்கிறார்.
எனக்கு எண் நிற்கவில்லை.
சேலைக்கடையில் ஆறு வருஷம் நின்ற வாய்
வெங்காயத்தோல் என்றது, அரக்கு என்றது,
வாடாமல்லி, ராமர்பச்சை, மாம்பழ மஞ்சள்.

பித்தான் அறுக்கும் ஷொஹாக்
அதைத்தான் பிடித்துக்கொண்டான்.
அவன் நாக்கில் மாம்பழம் மாம்பலம் ஆகும்;
என் பழைய முதலாளி சரக்கெடுக்கப் போகும் இடம்.
திருத்தவில்லை. கூண்டு ஒன்றுதானே.

சண்டை மயில்கழுத்தில் மட்டும்.
நான் நீலம் என்பேன், அவன் பச்சை.
ஜன்னலுக்குக் கொண்டுபோனால் அவன் ஜெயிப்பான்,
குழல்விளக்கடியில் நான்.

நோன்புப் பெருநாள் கழிந்து ஆறாம் வாரம்
குடும்பம் குடும்பமாக வருவார்கள்.
ஒரே இலைப்பச்சையில்
அப்பாவின் பாஜு மெலாயு, அம்மாவின் குரோங்,
இரண்டு பையன்கள், உள்ளங்கை அகலத்தில் கைக்குழந்தை.
ஒரு நாள் உடுத்தியது. இஸ்திரி மடிப்பு அழியவில்லை.
சேர்த்துப் போடத்தான் கை போகும்.
குழந்தையுடையது பாலியெஸ்டர், அதற்குத் தனிக் கூண்டு.
அம்மாவின் கையில் எலாஸ்டிக்;
பல்லுருளையில் சுற்றினால்
மெஷின் முக்கால் மணி நேரம் நிற்கும்.

தேர்தலில் தோற்றவர்களின் டீ-சட்டை
இருநூறு வந்தது, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.
ஜெயித்தவர்களுடையது அடுத்த வாரம்.

அரைத்த பஞ்சு பத்து பஹாட் போகிறது.
நூலாகி, துணியாகி, ஜாக்கெட்டாகி
கோலாலம்பூரில் இருநூற்று எண்பது வெள்ளி.
பூமிக்கு நல்லது என்று சீட்டில் எழுதியிருக்கிறதாம்.
நல்லதுதான், நான் மறுக்கவில்லை.
சாயந்திரம் மூக்கைச் சிந்தினால்
கைக்குட்டையில் அன்றைய கூண்டின் நிறம்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று,
முழங்கை மட்டும் தேய்ந்தது.
ஷொஹாக் கழுத்துப்பட்டையைத் திருப்பிச்
சீட்டைப் படித்தான். பிறகு தையலை.
ஆஷுலியாவில் அவன் தங்கை ரெஹானா
இந்தக் கம்பெனிக்கு மூன்று வருஷம்
காலர் மட்டும் தைத்தவள்,
மணிக்கு அறுபது.
அவள் தைத்ததா என்றேன்.
தெரியாது என்றான். எல்லாத் தையலும் ஒன்றுபோலத்தான்,
அதற்குத்தானே சம்பளம்.

மற்றவன் என்றால் நான்கு நொடியில் அறுத்திருப்பான்.
இவன் தேநீர் நேரம் முழுக்க
பிளேடு முனையால் ஒவ்வொரு கண்ணியாய்ப் பிரித்தான்.
தேநீரில் ஆடை கட்டியது.
எடுத்த நூலைக் கீழே போடவில்லை,
எங்கே வைத்தான் என்று நான் பார்க்கவில்லை.

அந்தச் சட்டை மயில்கழுத்து.
ஜன்னல் பக்கம் போவான் என்று காத்திருந்தேன்.
ஒன்றும் சொல்லாமல்
என் நீலக் கூண்டில் போட்டுவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து மயில்கழுத்து எது வந்தாலும்
நான் பச்சையில் போட்டேன்.
அவன் நீலத்தில்.

மாதக் கடைசியில் மில்லிலிருந்து நூல் திரும்பியது.
நீலத்தில் பச்சை தட்டுகிறது,
பச்சையில் நீலம்.
யார் பிரித்தது என்றார் மிஸ்டர் இயாவ்.

நான்தான் என்றேன்.
ஷொஹாக் குனிந்து
பித்தான்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
எண்ண வேண்டியதே இல்லை,
அதை நாங்கள் நிறுத்துத்தான் விற்கிறோம்.